பொயின்ட் கணக்கில் வராத வேலை: நமது வீட்டு வயரிங்கின் கதை



மாரி மழை தொடங்கினால் நமது ஊர்களில் வயரிங் பாஸ்மாரின் போன் ஓய்வதில்லை. "ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்குது, ஒருக்கா வந்து பாருங்க" என்பதுதான் அநேக அழைப்புகள். அவர் வந்து பார்த்து, "எங்கேயோ லீக் இருக்கு, தேடிப் பிடிக்க அரை நாள் போகும்" என்றால் நமது அடுத்த வசனமும் அநேகமாக ஒன்றுதான்: "அதெல்லாம் பிறகு பார்ப்போம். இப்போதைக்கு டைரக்ட் பண்ணி விடுங்க பாஸ்."

மறுக்கிற பாஸ் வேலை தெரியாதவர் ஆகிவிடுகிறார். டைரக்ட் பண்ணிக் கொடுப்பவர் கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார். இது ஏன் இப்படி ஆனது? நமது வீடுகளுக்குள் மின்சாரம் வந்த கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் விடை கிடைக்கும். நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

*

இலங்கையில் மின்சாரம் முதலில் வந்தது கொழும்புக் கோட்டைக்கு. 1895 இல் பூஸ்டட் பிரதர்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பனி அங்கே மின்சாரம் உற்பத்தி செய்து விற்கத் தொடங்கியது. நாட்டின் முதலாவது மின்சாரக் கட்டளைச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. 1899 இல் ட்ராம் வண்டி ஓடியது. கந்தோர்களும் ஹோட்டல்களும் துரைமாரின் பங்களாக்களும் வெளிச்சமாகின. 1927 இல் அரசாங்கம் மின்சாரத்துக்கென ஒரு திணைக்களத்தை அமைத்தது. 1929 இல் கொலன்னாவையில் ஸ்டான்லி மின் நிலையம் இயங்கத் தொடங்கியது.

மலையில் விழும் தண்ணீரில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918 இலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர எடுத்துச் சொன்னார். அவர் சொன்ன லக்சபான மின் நிலையம் 1950 இல்தான் இயங்கியது. முப்பத்திரண்டு வருடங்கள்! அதன் பிறகே மின்சாரம் கொழும்பைத் தாண்டி நாடு முழுவதும் போகும் வழி பிறந்தது. நமது பக்கத்தில் கல்லோயாத் திட்டத்தில் கட்டிய இங்கினியாகலை அணைக்கட்டின் கீழும் 11 மெகாவாட் அளவில் ஒரு சிறிய மின் நிலையம் எழுந்தது. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை உருவானது.

இந்தக் காலம் முழுக்க நமது கரையோர ஊர்களின் பெரும்பாலான வீடுகளில் எரிந்தது மண்ணெண்ணெய். வசதியான வீட்டில் சிம்னி லாம்பு, கல்யாண வீட்டில் பெற்றோமெக்ஸ், மற்ற எல்லோருக்கும் குப்பி விளக்கு. காலிப் போத்தலில் எண்ணெயை ஊற்றி, மூடியில் துளை போட்டுத் திரியைச் செருகினால் விளக்கு தயார். தட்டுப்பட்டால் சரியும். சரிந்தால் எண்ணெய் கொட்டும். பாயில் படுத்திருக்கும் பிள்ளையில் நெருப்புப் பிடிக்கும். நாடு முழுவதும் எத்தனையோ குடும்பங்கள் இதில் வெந்திருக்கின்றன.

டாக்டர் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வாட்டில் இப்படி எரிந்து வரும் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, 1990களில் ஒரு பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். மார்மைட் போத்தலைப் பார்த்து வந்த யோசனை அது. குட்டையானது, கனமானது, இரண்டு பக்கமும் தட்டையானது. சரிந்தாலும் உருளாது. திருகு மூடி என்பதால் எண்ணெய் கொட்டாது. அதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்கு கூடுதல் வெளிச்சம் தரவில்லை. எரிக்காமல் இருந்தது, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிப் சுவிட்சைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் தேவைப்படும்.

*

கரண்ட் ஊருக்குள் வந்தபோது அதை வீட்டுக்குள் கொண்டுபோக ஓர் ஆள் தேவைப்பட்டார். அவரைத்தான் வயரிங் பாஸ் என்றோம். 'பாஸ்' ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். கைவினையில் தலைமை வேலையாளை அவர்கள் அப்படி அழைத்தார்கள். ஆங்கிலத்தின் 'பொஸ்' என்ற சொல்லுக்கும் வேர் அதுவே. மேசன் பாஸ், வயரிங் பாஸ் என்று நாம் இன்றைக்கும் கூப்பிடுகிறோம். பெயரில் மரியாதை இருக்கிறது. கூலி பேசும்போது அந்த மரியாதை எங்கே போகிறது என்பது வேறு கதை.

முதல் தலைமுறைப் பாஸ்மார் அநேகமாக வகுப்பறையில் படித்தவர்கள் அல்லர். கொழும்பில் ஒரு கடையில், ஒரு கொந்தராத்துக்காரரிடம் கையாளாக நின்று பழகி வந்தவர்கள். அவர்களிடம் ஊர்ப் பொடியன்மார் கையாளாக நின்று பழகினார்கள். ஏணி பிடிப்பது, சுவர் கொத்துவது, வயர் இழுப்பது, கடைசியில் போர்டு கட்டுவது என்பதுதான் பாடத்திட்டம்.

அன்றைய வயரிங் இன்றைக்கும் பழைய வீடுகளில் இருக்கிறது. சுவரில் நீளமாக மரச் சட்டம், அதன் மேல் தகரக் கிளிப், கிளிப்புக்குள் வயர், கறுப்பு பேக்லைட் சுவிட்ச், வட்ட மரக்கட்டையில் ஹோல்டர். சிவப்பு உயிர்க் கம்பி, கறுப்பு நியூட்ரல். வயரின் அளவு அங்குலக் கணக்கில்: ஒற்றைக் கம்பி என்றால் 1/044, ஏழு கம்பி முறுக்கு என்றால் 7/029. இப்போது மில்லிமீற்றர்க் கணக்கு வந்து லைட்டுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67 என்றாகிவிட்டது. ஆனாலும் மூத்த பாஸ்மாரின் வாயில் இன்னும் அந்த "நாற்பத்துநாலு", "இருபத்தொன்பது" வரும்.

கூலிக் கணக்கு பிறந்ததும் அப்போதுதான். ஒரு பல்பு ஒரு பொயின்ட். ஒரு பிளக் ஒரு பொயின்ட். வீட்டில் எத்தனை பொயின்டோ அதைப் பெருக்கினால் கூலி.

அந்தக் காலத்துக்கு அது நியாயமான கணக்கு. வீட்டுக்கு ஐந்து பல்பு. ஒவ்வொன்றும் 40 வாட் என்றால் எல்லாமாக 200 வாட். 230 வோல்ட்டில் அது ஓர் அம்பியர்கூட இல்லை. பிளக் என்பது றேடியோவுக்கு மட்டும். பல்பை எண்ணினால் வேலையை எண்ணியது போலத்தான் இருந்தது.

*

1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. நமது ஆட்கள் சவூதி, குவைத், கட்டார், துபாய் என்று புறப்பட்டார்கள். 1979 இல் ஐ.டி.என்., 1982 இல் ரூபவாஹினி. பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தது. கெசட் றேடியோ, டீவி, மிக்ஸி, அயன் பெட்டி, பிறகு பிரிஜ்.

சவூதியில் இருந்து வந்த சாமானில் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே அப்போது வீட்டுக் கரண்ட் 127 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 110 என்று எழுதியிருந்த மிக்ஸியை ஆசையோடு நேரே செருகி, ஒரு நிமிடத்தில் புகை வந்த வீடுகள் உண்டு. இடையில் ட்ரான்ஸ்போமர் ஒன்று வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் ஊர்ப் பாஸ்தான். குவைத், துபாய்ச் சாமானில் சதுர முள் பிளக், சவூதிச் சாமானில் தட்டை முள், நமது சுவரில் வட்ட முள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் மல்டி பிளக் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் தொங்கத் தொடங்கியது. பின்னாளில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுர முள்ளை நாட்டின் ஒரே நியமமாக்கியது. ஆனால் அந்த மல்டி பிளக் இன்னும் நமது வீடுகளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

சாமானோடு கைப்பழக்கமும் வந்தது. அங்கே பெரிய கட்டடங்களில் கொண்டியூட் குழாய் போட்டு, போர்டு கட்டி, டெஸ்ட் பண்ணிப் பழகிய பலர் திரும்பி வந்து ஊரில் பாஸ் ஆனார்கள். சுவருக்குள் வயரை மறைக்கும் வேலை பரவியது. வீடு அழகானது. ஆனால் சுவருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் வசதி அதோடு போய்விட்டது.

*

இனி நமது கிழக்கு முஸ்லிம் ஊர்களுக்கே உரிய ஒரு விஷயம்: சீதன வீடு.

மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மூத்தவளுக்கு வாப்பாவின் வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, பின் வளவில் ஒரு சின்ன வீடு கட்டி வாப்பாவும் உம்மாவும் நகர்வார்கள். இரண்டாவது மகளுக்கு அந்த வீடு. மூன்றாவது மகளுக்கு மூத்தவளின் தலைக்கு மேலே ஒரு மாடி. காணி பிரிந்தது, உறுதி பிரிந்தது, குசினி பிரிந்தது. கரண்ட் மட்டும் பிரியவில்லை. புது மீட்டர் எடுக்கக் காசும் கடதாசியும் வேண்டும். அதனால், "இப்போதைக்கு மூத்த ராத்தா வீட்டில் இருந்து ஒரு வயர் இழுத்து விடுங்க பாஸ்."

அந்த 'இப்போதைக்கு' பல வீடுகளில் பதினைந்து, இருபது வருடமாக ஓடுகிறது. ஐந்து பல்புக்கு இழுத்த வயரில் இன்று மூன்று குசினி தொங்குகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கரண்ட் கேத்தல் 2000 வாட், ஏறத்தாழ 9 அம்பியர். அயன் 1000 வாட், 4 அம்பியருக்கு மேல். ரைஸ் குக்கர் 3. தண்ணீர் மோட்டார் ஒரு 4. மாடியில் ஏ.சி. ஒரு 5. வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் சேர்ந்தால் 25 அம்பியர். வழமையான ஒற்றைக் கட்ட இணைப்பே 30 அம்பியர்தான். வயரில் ஓடும் அம்பியர் இரண்டு மடங்கானால் அதில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு. சுவருக்குள் இருக்கும் சூட்டை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. பிளக் மஞ்சளாகி உருகத் தொடங்கும்போதுதான் நமக்குத் தெரிய வருகிறது.

இதற்கு மேல் நமது மண் பட்டதும் உண்டு. 1978 நவம்பர் சூறாவளியில் கம்பமும் கம்பியும் சாய்ந்தன. போர்க்காலத்தில் எத்தனையோ இரவுகள் இருட்டில் போயின. 2004 டிசெம்பர் 26 இல் கடல் ஏறி வந்து நமது கரையின் வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. நின்ற வீடுகளின் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் உப்புத் தண்ணீர் புகுந்தது. உப்பு செம்பைத் தின்னும். அந்த வீடுகளைக் கழுவினோம், சுண்ணாம்பு அடித்தோம், திரும்பவும் குடியேறினோம். வயரை மாற்றிய வீடுகள் எத்தனை என்பதை ஒவ்வொருவரும் தன் வீட்டில் பார்த்துச் சொல்லட்டும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அதன் பிறகு ஜெனரேட்டர், இன்வேர்ட்டர், கூரையில் சோலார் என்று இன்னுமோர் அடுக்கு ஏறியது. ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு சேர்ப்பதென்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும். அது இல்லாமல் இரண்டு பக்கமும் முள் உள்ள வயரைச் சுவர்ப் பிளக்கில் செருகினால் கரண்ட் பின்னோக்கிப் போய், கம்பத்தில் வேலை செய்யும் ஒருவரின் கைக்குள் ஏறும்.

*

இப்போது ட்ரிப் சுவிட்சுக்கு வருவோம்.

பியூஸ் வயரைக் காப்பாற்றுகிறது. ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. 5 அம்பியர் பியூஸ் அந்த அளவைத் தாண்டினால்தான் உருகும். மனித உடலில் 0.03 அம்பியர், அதாவது 30 மில்லி அம்பியர், தொடர்ந்து பாய்ந்தாலே இதயத்தின் தாளம் குழம்பிவிடலாம். ஒரு 40 வாட் பல்பு எடுப்பது ஏறத்தாழ 170 மில்லி அம்பியர். அதில் ஆறில் ஒரு பங்கு போதும் ஓர் ஆளைக் கொல்ல. பியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

ட்ரிப் சுவிட்ச் வேறு மாதிரி வேலை செய்கிறது. போகும் கரண்டையும் திரும்பி வரும் கரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடையில் 30 மில்லி அம்பியர் குறைந்தால், எங்கேயோ ஒரு ஆளின் ஊடாகவோ ஈரச் சுவரின் ஊடாகவோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். உடனே வெட்டிவிடும்.

"எங்கள் வீட்டில் ஏர்த் கம்பி இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். நமது நாட்டில் ஒவ்வொரு வீடும் தன் ஏர்த்தைத் தன் வளவிலேயே புதைக்கிறது. நமதோ கடற்கரை மணல். காய்ந்த மணலில் ஏர்த் கம்பியின் தடை இருபது ஓம், சில இடங்களில் அதைவிடக் கூட இருக்கும். 230 ஐ 20 ஆல் பிரித்தால் 11.5 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது! வாஷிங் மெஷினின் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். ஏர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் ஒரு சோடி. ஏர்த் கசிவுக்கு வழி கொடுக்கிறது, ட்ரிப் அதைக் கண்டு வெட்டுகிறது. சோடியில் ஒன்றைக் கழற்றினால் பாதுகாப்பு முழுமையாகாது.

அப்படியானால் மழையில் ட்ரிப் விழுவது ஏன்? கேற் லைட்டுக்குள் தண்ணீர், மோட்டார் பெட்டிக்குள் ஈரம், முகட்டில் எலி கடித்த வயர், வெளிச்சுவரில் ஊறிய பழைய பிளக், இவற்றில் ஏதோ ஒன்று. அதைத் தேடுவது மெல்லிய வேலை. எல்லாப் பிரேக்கரையும் கீழே போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கி, சாமானைக் கழற்றிக் கழற்றிப் பார்க்க வேண்டும். நியூட்ரலும் ஏர்த்தும் எங்காவது முட்டியிருந்தால் பிரேக்கரைப் போட்டாலும் கண்டுபிடிபடாது. அரை நாள் என்று பாஸ் சொன்னது பொய் அல்ல.

ஆனால் அந்த அரை நாளுக்குப் பொயின்ட் கிடையாது.

இதுதான் இந்தப் பதிவின் முழு விஷயம். ஐந்து பல்புக் காலத்தில் பிறந்த கணக்கிலேயே நாம் இன்னும் பாஸைப் பிடிக்கிறோம். ஏர்த் கம்பியை ஈர மண் தொடும்வரை ஆழமாக இறக்குவது பொயின்ட் அல்ல. துருப்பிடித்த ஏர்த் கிளாம்பை மாற்றுவது பொயின்ட் அல்ல. லீக் தேடுவது பொயின்ட் அல்ல. மீட்டர் வைத்து டெஸ்ட் பண்ணுவது பொயின்ட் அல்ல. கண்ணுக்குத் தெரியும் லைட்டுக்குக் காசு, உயிரைக் காக்கும் வேலைக்கு "அதையும் சேர்த்துச் செய்து விடுங்களேன்". பிறகு பாஸ் அந்த இடத்தில் கையைச் சுருக்கினால் ஆச்சரியம் என்ன? டைல்ஸ் பதிப்பவருக்குச் சதுர அடிக் கணக்கில் தயங்காமல் கொடுக்கும் நாம், அந்த டைல்ஸுக்குப் பின்னால் ஓடும் வயருக்குப் பேரம் பேசுகிறோம்.

இதில் அடிபடுவது யார்? ஆண்கள் பகலில் கடையிலும் கந்தோரிலும் வயலிலும். ஈரக் கையோடு மெஷினையும் பிரிஜையும் மோட்டார் சுவிட்சையும் தொடுவது உம்மாவும் ராத்தாவும் பிள்ளைகளும். "தொட்டால் சுள்ளென்று இருக்குது" என்று அவர்கள் சொல்லும்போது, "செருப்பைப் போட்டுக்கொண்டு தொடுங்க" என்று பதில் சொல்கிற வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அந்தச் சுள்ளென்ற உணர்வுதான் எச்சரிக்கை. அடுத்த முறை கால் ஈரமாக இருந்தால் அது மௌத்து.

*

அடுத்த முறை பாஸைக் கூப்பிடும்போது நாம் செய்யக்கூடியவை சில:

1. கூலியைப் பேசும்போதே பொயின்ட் தனி, ஏர்த்தும் டெஸ்டிங்கும் லீக் தேடுவதும் தனி என்று பிரித்துப் பேசுவோம். வந்து பார்ப்பதற்கும் ஒரு தொகை கொடுப்போம்.

2. "எந்த வயர் போடுகிறீர்கள், எந்தப் பிரேக்கர்?" என்று கேட்போம். நல்ல பாஸ் கோபப்பட மாட்டார், சந்தோஷமாக விளக்குவார். டெஸ்டர் பேனா மட்டும் கொண்டு வருபவருக்கும், இன்சுலேஷனையும் ஏர்த்தையும் அளக்கும் மீட்டர் கொண்டு வருபவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

3. போர்டில் எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டச் சொல்வோம். சுவருக்குள் வயர் மறைய முன் போனில் படம் எடுத்து வைப்போம். பத்து வருடம் கழித்து வரும் பாஸுக்கு அதுதான் வரைபடம்.

4. மகளுக்கு வீடு எழுதும்போது மீட்டரையும் பிரிப்போம். சீதனத்தில் அதையும் ஒரு பொருளாக எண்ணுவோம்.

5. "டைரக்ட் பண்ணுங்க" என்ற வார்த்தையை விடுவோம். மறுக்கிற பாஸின் நம்பரைச் சேமித்து வைப்போம். அவர்தான் திரும்பக் கூப்பிட வேண்டியவர்.

6. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஹவுழடி மோட்டாரையும் லைட்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நூறு பேர் ஈரக் காலோடு நிற்கும் இடம் அது.

பாஸ்மாருக்கும் ஒரு வார்த்தை. கையால் பழகிய உங்கள் வேலையை என்.வி.கியூ. சான்றிதழாக மாற்றும் வழி இருக்கிறது. முன்னனுபவத்தைப் பரீட்சித்தே அந்தச் சான்றிதழைக் கொடுக்கிறார்கள். திரும்பவும் வகுப்பில் போய் உட்காரத் தேவையில்லை. உங்களோடு கையாளாக நிற்கும் பொடியனைச் சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களுக்கு அனுப்புங்கள். ஓ.எல். முடிந்த பிள்ளைகளின் பெற்றோரும் இதை யோசியுங்கள். சோலாரும் மின்சார வாகனமும் வரும் காலத்தில் இந்தத் தொழிலுக்கு ஆள் தேவை கூடும், குறையாது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ட்ரிப் சுவிட்சில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்துங்கள். டக்கென்று விழுந்தால் அல்ஹம்துலில்லாஹ், தூக்கி விட்டு மாதம் ஒருமுறை அதையே செய்யுங்கள். விழாவிட்டால், அல்லது அந்தப் பொத்தானே உங்கள் போர்டில் இல்லாவிட்டால், மழைக்கு முன் பாஸைக் கூப்பிடுங்கள். கூலியை முழுதாகக் கொடுங்கள்.

உங்கள் தெருவில் முதன்முதலில் வயரிங் செய்தவர் யார் என்று வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்களின் பெயர்கள் எங்கேயும் பதியப்படவில்லை. அவர்கள் இழுத்த வயரில்தான் நம்மில் பலர் இரவில் படித்தோம்.

வஸ்ஸலாம்.